நீச்சல் குள ஹீட் பம்ப் மக்கர் செய்தால்: மெக்கானிக்கை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

மார்கழி விடியற்காலையில் குளத்தில் கால் வைத்துப் பார்க்காதவர்கள்தான், "புதுச்சேரி வெயிலுக்கு நீச்சல் குளத்தில் வெந்நீர் எதற்கு?" என்று கேட்பார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டால் மூடாத குளத்தின் தண்ணீர் சில்லிட்டுப் போகிறது. சர்வதேசப் போட்டி விதிகள் 25 முதல் 28 டிகிரி வரை ஏற்கின்றன. வேகமாக நீந்துகிறவருக்கு அது போதும். படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும், மூட்டுவலிக்காகத் தண்ணீரில் நடக்கும் பெரியவருக்கும் 29, 30 டிகிரியாவது வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளிலும் ஆரோவில்லைச் சுற்றியுள்ள விருந்தினர் இல்லங்களிலும் ஹீட் பம்ப் வந்து உட்கார்ந்தது அதனால்தான்.

இந்தக் கரையில் வரும் புகார்களில் பெரும்பாலானவை மெஷினுக்குள் பிறப்பவை அல்ல. தண்ணீர் போதிய அளவு ஓடாமல் இருக்கும், காற்று தாராளமாகப் போய்வராமல் இருக்கும், அல்லது உப்பு அரித்திருக்கும். ஆனால் வருகிற மெக்கானிக் வாயிலிருந்து முதலில் விழுவது "கேஸ் குறைந்திருக்கிறது சார்" என்பதுதான். அந்தப் பேச்சுக்குப் போகும் முன் நீங்களே பார்த்து ஒதுக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

ஹீட் பம்ப் தண்ணீரைக் காய்ச்சுவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஃபேன் இழுக்கும் காற்று, அலுமினியத் தகடுகள் வரிசையாக அமைந்த காயில் வழியே போகும். காயிலுக்குள் ஓடும் கேஸ் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கும். பிறகு அந்தக் கேஸ் ஒரு டைட்டானியக் குழாய்ச் சுருளுக்குள் போகும். சுருளைச் சுற்றி ஓடும் குளத்துத் தண்ணீர் சூடாகும். ஒரு யூனிட் கரண்டுக்கு நம் ஊர்க் காற்றில் நான்கைந்து யூனிட் வெப்பம் கிடைப்பது இந்த வழியில்தான்.

எந்த மூடியைத் திறப்பதாக இருந்தாலும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திறக்கவும். முகப்பில் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்துவது நிறுத்தியதாகாது. உள்ளே கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் மின்சாரம் தங்கும். வயர்கள் உள்ள பகுதி எலக்ட்ரீஷியனுடையது. நீங்கள் பார்க்க வேண்டியது வெளிப்பக்கம், தண்ணீர்ப்பக்கம், மீட்டர்.

நாள் முழுக்க ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை

முதலில் எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இப்போது வரும் பல மெஷின்கள் குளிர்விக்கவும் செய்யும். மே மாதம் குளத்துத் தண்ணீர் கஷாயம்போல் இருக்கிறதென்று யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். டிசம்பர் வரை அது அப்படியே கிடக்கும். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது. சூடாக்கும் நிலையில் வைத்தும் குளிர்ந்த தண்ணீரே வருமானால் கேஸ் திசையை மாற்றும் நான்குவழி வால்வு சிக்கியிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

அடுத்து, பொறுமையின் கணக்கு. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 56 யூனிட் வெப்பம் வேண்டும். 12 கிலோவாட் ஹீட் பம்ப் அதைக் கொடுக்க நாலேமுக்கால் மணி நேரம் ஆகும். 25 டிகிரியிலிருந்து 30க்குக் கொண்டுவர வேண்டுமானால், இடையில் சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டாலும், 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் ஸ்விட்ச் போட்டு மாலையில் விருந்தினரை இறக்க நினைப்பவருக்கு எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது.

இடையில் வெப்பம் வீணாகத்தான் செய்யும், அதுவும் நம் ஊரில் பெரும்பாலும் ஆவியாகி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.68 யூனிட் வெப்பம் அதோடு போய்விடும். மேலே சொன்ன குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். காற்றடிக்கும் இரவில் மட்டம் ஐந்து மில்லிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர் போயிற்று. அதனுடன் 109 யூனிட் வெப்பமும் போயிற்று. அதாவது ஏறக்குறைய இரண்டு டிகிரி. மெஷின் ஒன்பது மணி நேரம் உழைத்தது முழுவதும் விடிவதற்குள் வாடைக்காற்றில் கலந்துவிட்டது. பெரிய ஹீட் பம்ப் வாங்க யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் குளத்துக்கு மூடி வாங்குங்கள். குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு போதும். அதை இரவில் விரித்து மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

மட்டம் இறங்குவது ஆவியாலா, கசிவாலா என்ற சந்தேகம் வரும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவி. குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. கசிகிற குளத்தில் போட்ட சூடு மண்ணுக்குப் போகிறது.

இவ்வளவும் சரி என்றால், மெஷின் உண்மையில் சூடு கொடுக்கிறதா என்று அளந்துவிடுங்கள். உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். மணிக்கு 5,000 லிட்டர் ஓடும்போது 12 கிலோவாட் மெஷின் இரண்டு டிகிரி வித்தியாசம் காட்ட வேண்டும். ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் இருந்தால் மெஷினில் குறையில்லை. குறை மூடியிலோ உங்கள் எதிர்பார்ப்பிலோ இருக்கிறது. நான்கு, ஐந்து டிகிரி காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் போதாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அரை டிகிரிகூட இல்லையென்றால், மெஷினுக்குள் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் வால்வைப் பாருங்கள். தண்ணீர் அளவுக்கு அதிகமாக ஓடினாலும் வித்தியாசம் சிறுத்துக் காட்டும். அதைச் சரிசெய்தும் ஏறவில்லையென்றால் காற்றுப்பக்கம் பார்க்க வேண்டிய நேரம்.

காற்றுப்பக்கத்தில் நான் அடிக்கடி காண்பது இடநெருக்கடி. புதுச்சேரியின் வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளில் முற்றத்தின் மூலையில், விருந்தினர் கண்ணில் படாமல் இருக்க, மெஷினைச் சுற்றித் தட்டி கட்டிவிடுவார்கள். ஃபேன் வெளியே தள்ளும் குளிர்ந்த காற்று தட்டியில் மோதித் திரும்பிக் காயிலுக்கே வரும். சூடு எடுக்கப்பட்ட காற்றிலிருந்து மறுபடியும் சூடு எடுக்கச் சொன்னால் அது எங்கிருந்து எடுக்கும்? காயில் பக்கம் அரை மீட்டராவது, ஃபேன் முன்னால் இரண்டு மீட்டரைத் தொடும் அளவாவது இடம் வேண்டும். தட்டியைப் பிரித்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டு வித்தியாசத்தை அளந்து பாருங்கள்.

தண்ணீர் ஓட்டம் இல்லை என்று காட்டி நின்றுவிடுகிறது

முகப்பில் தெரியும் கோளாறுக் குறி எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தாலும் கவலையில்லை, இந்தக் கோளாறுதான் எல்லாவற்றிலும் அதிகம் வருவது.

எந்த நேரத்தில் நிற்கிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நின்றால் மெஷினைத் தொடவே வேண்டாம். குளத்து மோட்டாரின் டைமர் அந்த நேரத்துக்கு மோட்டாரை அணைக்கிறது. தண்ணீர் இல்லையென்று ஹீட் பம்ப் நின்றுகொள்கிறது. அது கடமையைத்தான் செய்கிறது.

நேரம் மாறி மாறி வருமானால், ஃபில்டரின் பிரஷர் கேஜைப் பாருங்கள். மணல் ஃபில்டரைச் சுத்தம் செய்த உடனே கேஜ் எதைக் காட்டியதோ, அதைவிட எட்டு முதல் பத்து பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) கூடியிருந்தால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவுவது, செய்ய வேண்டும். சுத்தமான நிலையின் அளவை ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்; எழுதாத இடத்தில் கேஜ் வெறும் அலங்காரம். பேக்வாஷ் முடிந்ததும் தண்ணீரின் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.

கேஜ் ஏறாமல் இறங்கியிருந்தால் தடை மோட்டாருக்கு முன்னால் இருக்கிறது. ஸ்கிம்மர் (குளத்தின் மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும் வாய்) கூடை, மோட்டாரின் வடிகூடை இரண்டையும் திறந்து பாருங்கள். வேப்பம்பூ உதிரும் பங்குனி, சித்திரையில் கூடை அடைத்துக்கொள்ள ஒரு நாள் போதும். குளத்து மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மோட்டார் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். வடிகூடையின் கண்ணாடி மூடி வழியே பார்த்தால் குமிழ்கள் ஓடுவது தெரியும். மட்டம் சரியாக இருந்தும் குமிழ் வந்தால் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருக்கும். புதிது வாங்கி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். வாஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, குளத்தில் தண்ணீர் விழும் வேகமும் நன்றாக இருந்தால் மட்டுமே, தண்ணீர் ஓடுகிறதா என்று மெஷினுக்குச் சொல்லும் ஃப்ளோ ஸ்விட்சைச் சந்தேகப்பட வேண்டும். அதன் துடுப்பில் சுண்ணாம்பு படிந்தோ, இலைக்காம்பு சிக்கியோ இருக்கும். ஸ்விட்சின் இரண்டு வயரையும் இணைத்துவிட்டு "ஓடுகிறது பார்" என்று காட்டுபவரை உள்ளே விடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் சுருளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உருகிப்போகும்.

அடியில் தண்ணீர் தேங்குகிறது

இந்தப் புகாரில் பாதிக்கு மேல் கோளாறே இல்லாதவை. ஈரக்காற்று குளிர்ந்த காயிலில் படும்போது அதிலுள்ள நீராவி நீராகி வடிகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் வடிவதும் அதிகம். மணிக்குப் பல லிட்டர்கூட வடியலாம். இன்னும் சொன்னால் இது நல்ல செய்தி. முன்பு குளத்தில் ஒரு லிட்டர் ஆவியாகும்போது இழந்தோமே அந்த 0.68 யூனிட், காயிலில் ஒரு லிட்டர் நீராக வடியும்போது அதே அளவு உள்ளே வருகிறது. தயாரிப்பாளர்கள் 27 டிகிரிக் காற்றுக்கும் 80 சதவீத ஈரப்பதத்துக்கும் சேர்த்துத்தான் தங்கள் மெஷினின் திறனைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட நம் ஊர் மாலைக்காற்று.

ஆனாலும் கசிவா என்று உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. ஹீட் பம்பை அணைத்துவிட்டுக் குளத்து மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். சில மணி நேரத்தில் அடித்தட்டு காய்ந்துவிட்டால் அது வடிநீர். தொடர்ந்து ஒழுகினால் குளத்துத் தண்ணீர். அவசரமென்றால் ஒழுகும் நீரில் குளோரின் பரிசோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அது குளத்துத் தண்ணீர்தான். அப்போதும் உடனே பயப்பட வேண்டாம், குழாயை மெஷினோடு சேர்க்கும் யூனியன் இணைப்பின் ஓ-ரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையால் இறுக்கிப் பாருங்கள். குறடு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நெட்டு பிளக்கும். உள்ளே டைட்டானியச் சுருள் இருக்கும் கூட்டிலிருந்தே ஒழுகினால் மெஷினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வடிநீருக்கு ஒரு குழாய் போட்டுச் செடிக்கு விடலாம். வடிதுளையை இலை அடைத்துக்கொண்டால் தட்டில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

அழுத்தம் அதிகம் என்று காட்டுகிறது

கேஸ் கொண்டுவந்த சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளவில்லை என்பது இதன் பொருள். தண்ணீர் ஓட்டத்தை மறுபடி பாருங்கள். அது சரியென்றால் சுருளில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம்.

போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ நிரப்பும் குளங்களில் இது சகஜம். கால்சியம் கடினம் 200 முதல் 400 பி.பி.எம்., பி.எச். அளவு 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். பி.எச். 7.8ஐத் தாண்டினால் சுண்ணாம்பு படியத் தொடங்கும், அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும். அந்த இடம் உங்கள் ஹீட் பம்பின் சுருள். குளத்தின் ஓட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளேயும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமிலத்தை ஊற்றிப் பி.எச்.சை அடிமட்டத்துக்கு இறக்குவதும் தீர்வல்ல. குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் கூடையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மோட்டார் நிற்கும் நேரத்தில் மாத்திரை கரைந்த அமிலத் தண்ணீர் கூடையில் தேங்கி, மோட்டார் போட்டதும் நேராக ஹீட் பம்புக்குள் போகிறது. டைட்டானியம் தாங்கும், ரப்பர் வளையங்களும் ஃப்ளோ ஸ்விட்சும் தாங்காது. மருந்து செலுத்தும் கருவி எப்போதும் ஹீட் பம்புக்குப் பிறகுதான் இருக்க வேண்டும், நடுவில் தண்ணீரைப் பின்னால் திரும்பவிடாத ஒரு வால்வோடு.

மோட்டார் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிட் கேனும் குளோரின் டப்பாவும் ஹீட் பம்பின் காயில் பக்கத்தில் அடுக்கியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். கேன் மூடி சரியாக இல்லையென்றால் அந்தப் புகையைக் காயில் நாள் முழுக்க உறிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் நச்சு வாயு வரும் என்பதால் அவற்றை ஒரே அறையில் வைப்பதே தவறு. ஹீட் பம்புக்காக இல்லாவிட்டாலும் வேலைக்காரரின் நுரையீரலுக்காகவாவது பிரித்து வையுங்கள்.

காயிலில் பனி படர்கிறது

ஊட்டியில் இருந்தால் இயல்பு என்று விட்டுவிடலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் காயிலில் பனி உறைய வானிலை காரணமாகவே முடியாது. ஒன்று காற்று போதவில்லை, அல்லது கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

காற்றை முதலில் பாருங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோர இடங்களில் அலுமினியத் தகடுகள் உப்பு படிந்து வெள்ளைப் பொடியாக உதிரும். விரல் வைத்தால் மாவுபோல ஒட்டினால் அந்தப் பகுதி போய்விட்டது. எந்தக் கழுவலும் மீட்டுத் தராது. அதற்கு முன்பே மாதம் இரண்டு முறை, கடலை ஒட்டிய இடமென்றால் வாரம் ஒரு முறை, மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரையோரத்தில் பல இடங்களில் கடல்நீர் நிலத்தடி நீரில் ஏறிவிட்டது. உவர்ப்பான போர் தண்ணீரால் உப்பைக் கழுவினால், காய்ந்ததும் இன்னொரு படலம் உப்பு மிஞ்சும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் அல்லது சேமித்த மழைநீர் போதும். பைக் கழுவும் பிரஷர் மெஷினை எடுத்து வராதீர்கள். தகடுகள் மடிந்து காற்றுப் பாதை மூடிக்கொள்ளும்.

தகடுகள் சுத்தம், ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, தட்டி கிட்டி எதுவும் இல்லை. அப்படியும் பனி படிகிறது என்றால் கேஸ் பேச்சுக்கு வரலாம். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் "டாப்-அப்" செய்துவிட்டுப் போனால் அடுத்த சீசனில் அவர் மறுபடி வருவார். குழாய்ச் சந்துகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். கேஸ் கசியுமிடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசியும். ஒழுங்கான வேலை என்றால் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பெயர்ப்பலகையில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறதோ அத்தனையைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். புதிய மெஷின்களில் உள்ள ஆர்-32 என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால் இது பழக்கமில்லாத கைகளுக்கான வேலையும் அல்ல.

ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை

சிங்கிள் பேஸ் மெஷின் என்றால் ஃபேன் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று தொடங்கலாம். விலை குறைந்த பொருள், எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். குச்சியால் தள்ளிவிட்டுச் சுற்றவைத்து ஓட்டாதீர்கள். புது கெப்பாசிட்டரிலும் உறுமினால் பேரிங் உப்பில் இறுகியிருக்கும்.

கரண்ட் போய் வந்தபின் கிளம்பவில்லை

ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாவதற்காக மெஷினே காத்திருக்கிறது. பொறுமையில்லாமல் ஆன், ஆஃப் என்று தட்டினால் அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மூன்று பேஸ் மெஷின் கரண்ட் வந்த பிறகு மட்டும் ஏதோ குறி காட்டி நிற்கிறது, தெருவில் அன்று மின்கம்ப வேலை நடந்தது என்றால், பேஸ் வரிசை மாறியிருக்கும். ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றினால் கெட்டுவிடும் என்பதால் காவல் ரிலே தடுத்து நிற்கிறது. எலக்ட்ரீஷியன் ஏதாவது இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றினால் போதும். மெஷினின் கட்டுப்பாட்டு போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனை முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

கோடை மாலைகளில் கிளம்பி உடனே நின்றால் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், மெயினில் அல்ல, மெஷினின் முனையில், அது ஓடும்போது. மீட்டர் பலகையில் 225 காட்டும். மெல்லிய வயரில் நாற்பது மீட்டர் தாண்டிக் குளத்துக்கு வரும்போது 200க்குக் கீழே போயிருக்கும். அங்கே மாற்ற வேண்டியது வயர்.

கம்ப்ரசருக்குக் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் கன்டாக்டர் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால் குறைந்த வோல்டேஜ் ஒரு காரணம்; எறும்பு இன்னொன்று. மழைக்காலத்தில் கன்டாக்டரின் முனைகளுக்கிடையில் எறும்புகள் நசுங்கிக் கரியாகி இணைப்பைக் கெடுக்கும். பல்லி போர்டில் குறுக்கே விழுந்து கருகுவதும் உண்டு. வயர் நுழையும் துளைகளை அடைத்தால் இரண்டுக்கும் முடிவு.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

இதில் சோதனை முயற்சிக்கு இடமில்லை. ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச். 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. குளத்தில் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லுங்கள், மெஷினைத் தனிமைப்படுத்துங்கள், எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனையும் எர்த்தையும் அளந்து பார்க்கும் வரை போடாதீர்கள். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேராக வயர் கொடுப்பதாக யாராவது முன்வந்தால், அவர் உங்களிடம் இனி எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. இங்கே ஹீட் பம்ப் வைப்பவர் இவற்றை விதிவிலக்காக நினைக்க முடியாது. மெஷினைத் தரையில் வைக்காமல், அந்தத் தெருவில் இதுவரை தண்ணீர் ஏறிய உயரத்துக்கும் மேலே கான்கிரீட் மேடை கட்டி, துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மெயினை அணைத்துப் பூட்டுங்கள். குளத்து மூடியைச் சுருட்டி உள்ளே வையுங்கள். காற்றில் அது பாயாகிப் பறக்கும். மெஷினுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டலாம், ஆனால் காற்று ஓய்ந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். மூடிய தார்ப்பாய்க்குள் ஈரமும் உப்பும் சேர்ந்து புழுங்கினால் திறந்து கிடப்பதைவிட மோசம்.

புயலுக்குப் பிறகு, வெள்ளம் மெஷினைத் தொடவில்லை என்றால், காயிலை நல்ல தண்ணீரால் கழுவி, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்து, கிளை எதுவும் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு போடலாம். தண்ணீர் உள்ளே ஏறிய அடையாளம், அதாவது பக்கவாட்டில் சேற்றுக்கோடு, தெரிந்தால் போடவே கூடாது. சேற்றுக்கோட்டைப் பெயர்ப்பலகையோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்குத் தேவைப்படும். பிறகு எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து, சேற்றைக் கழுவி, காயவைத்து, கம்ப்ரசர், ஃபேன் மோட்டார் இரண்டின் இன்சுலேஷனையும் அளக்கட்டும். போர்டும் கன்டாக்டரும் நனைந்திருந்தால், காய்ந்து வேலை செய்தாலும், மாற்றிவிடச் சொல்லுங்கள்.